ஏழு என்று சொன்ன வாய்

இன்ஷிராஹ் டீச்சருக்கு உட்கார்ந்தபடியே தூங்க வரும். வீடு இருக்கும் பாக்கோஸிலிருந்து கிளப்புக்குப் போகும் டிராமில் தூங்குவாள். பள்ளிக்கூடத்தில் பரீட்சைக் கண்காணிப்பு போட்டால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்குவாள். நீச்சல் குளத்துச் சிமெண்டுப் படிகளில், பக்கத்தில் முப்பது பிள்ளைகள் தண்ணீரை அடித்துத் துவைத்தாலும், பிளாஸ்க்கை மடியில் கட்டிக்கொண்டு தூங்குவாள். மகள் ஜுமானாவின் முறை வரும்போது மட்டும் யாரும் தட்டாமலே விழித்துவிடுவாள். வயது நாற்பத்து நாலு. ஒன்பது வருடமாக இப்படித்தான் போகிறது பிழைப்பு. காலை நாலு மணிக்கு எழுந்து ஃபூல் பயறைச் சூடாக்கி ரொட்டிக்குள் திணித்து, ஐந்தரைக்குக் குளம், ஏழே முக்காலுக்குப் பள்ளி, மூன்றுக்கு மறுபடி குளம், ஆறரைக்கு மறுபடி டிராம்.

இத்தனைக்கும் அவளுக்கு நீந்தத் தெரியாது. அலெக்சாண்ட்ரியாவில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளிப் பிறந்தவள், கடலுக்கு முழங்காலுக்கு மேல் காட்டியதில்லை. ஜுமானாவுக்கு ஆறு வயதில் இளைப்பு வந்தது. தண்ணீரில் போடுங்கள், மூன்றே மாதத்தில் நெஞ்சு திறந்துவிடும் என்றார் டாக்டர். நெஞ்சு திறந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். பிள்ளை பட்டாம்பூச்சி நீச்சலில் மற்றவர்களைத் தூக்கிச் சாப்பிட ஆரம்பித்துவிட்டாள், அம்மாவும் படியில் குடியேறிவிட்டாள். குவைத்தில் ஏர்கண்டிஷனர் மாட்டும் கணவன் ஹம்தி வருடத்துக்கு ஒருமுறை வருவான். வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "இன்னும் முடியலையா இந்த நீச்சல்?"

முடியவில்லை. ஆனால் நின்றுபோயிருந்தது. பதினாலு மாதமாக ஜுமானாவின் நூறு மீட்டர் ஒரு நிமிடம் ஏழு வினாடியிலேயே நின்றது. குளத்து வழக்கில் நிமிடத்தை யாரும் சொல்லமாட்டார்கள், வெறும் 'ஏழு'தான். பதின்மூன்றரை வயதில் மண்டலப் போட்டியில் ஏழு போட்டபோது எல்லாரும் கை தட்டினார்கள். பதினைந்து வயதிலும் அதே ஏழு என்றால் யார் தட்டுவார்கள்? நாடு முழுக்க நடக்கும் குடியரசுச் சாம்பியன்ஷிப்புக்குப் போக ஆறுக்குக் கீழே வரவேண்டும். அந்த ஒரு வினாடிக்காகப் பிள்ளை படாத பாடு பட்டாள். பிடித்த மக்ரோனா பாஸ்தாவை விட்டாள், தோழிகளை விட்டாள், சிரிப்பையும் விட்டாள். தண்ணீருக்குள்ளேயே அழுவாள்; கண்ணாடியைக் கழற்றினால் கண் சிவந்திருக்கும், குளோரின் என்பாள். இன்ஷிராஹ் துவாலையைப் போர்த்திவிட்டு, "வரும்டி, வரும்," என்பாள். அதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது.

இதற்குள் இன்னொரு சங்கதி இருந்தது. அதைத் தெரிந்தவள் இன்ஷிராஹ் ஒருத்திதான்.

அந்தக் குளத்தில் மாதத்துக்கு ஒரு வியாழக்கிழமை நேரப் பரீட்சை. பயிற்சியாளரை அங்கே கேப்டன் என்பார்கள்; எந்தக் கப்பலும் ஓட்டியதில்லை, இருந்தாலும் கேப்டன். கேப்டன் வகீஹுக்குக் கழுத்தில் ஒரு கடிகாரம், தண்ணீரில் எட்டு வரிசை. ஒரே ஆள் எட்டுப் பிள்ளையையும் எப்படிப் பார்ப்பார்? அதனால் முதல் படியில் உட்கார்ந்திருக்கும் அம்மாமார் ஆளுக்கொரு கடிகாரத்தில் தங்கள் பிள்ளைக்கு நேரம் எடுப்பார்கள். பிள்ளை சுவரைத் தொட்டதும் கேப்டன் எதிர்க்கரையிலிருந்து, "எவ்வளவு?" என்று கத்துவார். அம்மா கத்திச் சொல்வாள். அவர் அட்டையில் எழுதிக்கொள்வார்.

முதல் படி முழுக்கப் பெண்கள். பெண்கள் என்றால் கண்கள். இன்ஷிராஹுக்குப் பயமே அங்கேதான். ஜுமானாவுக்குப் பதினொரு வயதில் ஒரு நல்ல நேரம் வந்தபோது வாய் நிறையச் சொல்லிவிட்டாள். மறுவாரமே பிள்ளை குளிக்கிற அறையில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் வீட்டில் சாம்பிராணி. காகிதத்தில் பெண் பொம்மை வெட்டி, "இன்னாள் கண்ணிலிருந்து, இன்னாள் கண்ணிலிருந்து," என்று பெயர் சொல்லிச் சொல்லி ஊசியால் குத்தி நெருப்பில் போடுவாள். படியில் இருந்த எல்லாருக்கும் ஒரு குத்து. லுஜைனின் அம்மா ஷாஹிந்தாவுக்கு மட்டும் ஆறு, ஏழு. ஷாஹிந்தாவுக்குப் பச்சைக் கண், முன்பல்லில் சந்து, இரண்டும் கண் போடுகிறவர்களுக்கு ஊரில் சொல்லும் அடையாளம்; மகள் லுஜைனும் அதே பட்டாம்பூச்சி. இதற்கு மேல் என்ன வேண்டும்?

மண்டலப் போட்டி முடிந்த அடுத்த மாதம், நவம்பரில், ஜுமானா ஆறு புள்ளி எட்டு போட்டாள். கேப்டன், "எவ்வளவு மேடம்?" என்று கத்தினார். ஷாஹிந்தா பச்சைக் கண்ணைத் திருப்பினாள். இன்ஷிராஹ் வாயிலிருந்து, "ஏழு!" என்று வந்தது. டிசம்பரில் கடிகாரம் ஆறு புள்ளி ஒன்று காட்டியது, ஏழு என்றாள். ஜனவரியில் ஐந்து புள்ளி ஒன்பது, ஏழு. பிப்ரவரியில் ஐந்து புள்ளி நாலு! கடிகாரத்தைப் பைக்குள் போட்டு, குரலைத் தொய்யவிட்டு, "அதே ஏழுதான் கேப்டன்," என்றாள். மகளிடமும் மறைத்தாள். ஜுமானாவுக்கு ஓட்டை வாய், உடை மாற்றும் அறையிலேயே உளறிவிடுவாள். போட்டி வரட்டும், நேரம் காட்டும் பலகையில் விளக்கு எரியும்போது பிள்ளையே பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தாள். வயிற்றுக்குள்ளே அந்த ஐந்து புள்ளி நாலை வைத்துக்கொண்டு பள்ளியில் வகுத்தல் கணக்கு நடத்தினாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான மாதங்கள் வேறு இல்லை.

மார்ச் போட்டிக்கு மூன்று நாள் முன் ஜுமானாவுக்கு அம்மை போட்டது. போட்டி போயிற்று. எழுந்து வந்த பிள்ளை ஏப்ரலில் ஆறு புள்ளி ஐந்து. மே மாதம் ஆறு புள்ளி ஒன்பது. ஜூனில் கடிகாரம் நிஜமாகவே ஏழு காட்டியது. இன்ஷிராஹுக்கு அதற்குப் பிறகு பொய் சொல்ல வேண்டிய வேலையே இல்லாமல் போனது. அத்தனை மூடி மறைத்தும் கண் பட்டுவிட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டு, பொம்மைக்கு இன்னும் நாலு குத்து கூடக் குத்தினாள்.

ஜூலை மண்டலப் போட்டியில் ஏழு புள்ளி ஆறு. டிசம்பரில், அடுத்த போட்டியின் பலகை விளக்கு ஏழு புள்ளி ஒன்பது என்று எரிந்த நாலாம் நாள், புதன்கிழமை, கேப்டன் வகீஹ் தாயையும் மகளையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர், கத்துவாரே தவிரக் கெட்டவர் இல்லை. அன்றைக்குக் கத்தவும் இல்லை. அட்டையைத் திருப்பிக் காட்டினார்.

"பாருங்க மேடம். நவம்பர் ஏழு. டிசம்பர் ஏழு. ஜனவரி ஏழு. பிப்ரவரி ஏழு. ஒரு பிள்ளை நாலு மாசம் ஒரே இடத்துல நின்னா நான் என்ன செய்வேன்? வேலையைக் கூட்டுவேன். கூட்டினேன். காலையில ரெண்டாயிரம் மீட்டர் அதிகம், ரப்பர் பட்டை, எடை, எல்லாம். லுஜைனுக்குக் குடுக்காத வேலையை இவளுக்குக் குடுத்தேன். இவ முகம் சுளிக்காமச் செஞ்சா. ஆனா உடம்பு மேலே வரலை, கீழே போகுது. சில உடம்பு அவ்வளவுதான் மேடம். ஞாயித்துக்கிழமையிலேருந்து இரண்டாவது குழு."

இன்ஷிராஹ் கணக்கு டீச்சர். அந்த நாலு ஏழையும் பார்த்தாள். நாலும் அவள் வாயிலிருந்து போனவை. கேப்டன் கழுத்தில் கடிகாரம் தொங்குகிறதே, அவருக்குத் தெரியாமலா இருக்கும், நான் கத்துவது ஊருக்காகத்தானே என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். இந்த அட்டையை வைத்துத்தான் மகள் முதுகில் மூட்டை ஏறியது என்று அந்த நிமிடம்தான் அவளுக்கு உறைத்தது. ஐந்து புள்ளி நாலு போட்ட பிள்ளையைப் போதாது போதாது என்று நசுக்கி ஏழாக ஆக்கியது ஷாஹிந்தாவின் கண் இல்லை.

ஜுமானா எழுந்தாள். "பரவால்லை கேப்டன். ரெண்டாவது குழுவும் வேண்டாம். நான் நிறுத்திக்கிறேன்."

கேப்டன் இன்ஷிராஹைப் பார்த்தார். அவள் எதுவும் சொல்லவில்லை. இந்த ஒரு மௌனத்தை அவள் பிறகு எத்தனையோ நாள் நினைத்து நினைத்துக் குமைந்தாள்.

டிராமில் மகள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். கூட்டம் இறங்கிய பிறகு இன்ஷிராஹ் மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஜுமானா, நீ ஏழுல நிக்கலைடி. போன பிப்ரவரியில நீ அஞ்சு புள்ளி நாலு போட்ட. நான்தான் ஏழுன்னு சொன்னேன். கண்ணு பட்டுடும்னு பயந்து சொன்னேன்."

ஜுமானா திரும்பக்கூட இல்லை. "போதும்மா."

"சத்தியமாடி."

"எனக்கு ஜுரம் நாப்பது இருந்தப்பவும் முப்பத்தேழரைன்னு சொன்ன. பூனை செத்தப்போ அதோட அம்மா வீட்டுக்குப் போயிருக்குன்னு சொன்ன. அப்பா அந்தப் பெருநாளுக்கு வரமாட்டார்னு தெரிஞ்சும் கடைசி நாள் வரைக்கும் டிக்கெட் போட்டாச்சுன்னு சொன்ன. நீ எப்பவும் இப்படித்தான். எனக்கு வலிக்கக்கூடாதுன்னு என்ன வேணா சொல்லுவ. இப்போ இது."

"இது அப்படி இல்லைடி!"

"அஞ்சு புள்ளி நாலாம்! கொஞ்சம் நம்புற மாதிரியாவது சொல்லக்கூடாதா? ஆறு புள்ளி ஏழுன்னு சொல்லியிருந்தாக்கூட நம்பியிருப்பேன்." பிள்ளை சிரித்தாள். பதினாலு மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு அது, கேட்கச் சகிக்கவில்லை.

இன்ஷிராஹிடம் அத்தாட்சி என்று ஒன்றும் இல்லை. கடிகாரத்தில் அழித்துவிட்டாள். காகிதத்தில் எழுதினால் அதன் மேலும் கண் படும் என்று எழுதவில்லை. மகள் சொன்ன ஜுரமும் பூனையும் டிக்கெட்டும் எல்லாம் உண்மை.

மறுநாள் வியாழன். ஜுமானா எழுந்திருக்கவில்லை. எழுப்ப இன்ஷிராஹுக்கு மனம் வரவில்லை. ஆனால் நாலு மணிக்கு உடம்பு தானாக எழுந்தது, ரொட்டிக்குள் பயறைத் திணித்தது, டிராம் ஏறியது. மகளின் பை இல்லாத தோள் லேசாக இருந்தது. கேப்டனிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று போனாள். படியில் ஏற்கெனவே ஐந்தாறு பெண்கள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஷாஹிந்தா.

"என்ன டீச்சர், தனியா? பிள்ளை எங்கே?"

எத்தனையோ வியாழக்கிழமை மழுப்பியவளுக்கு அன்று மழுப்பத் தெம்பில்லை. படியில் உட்கார்ந்தாள். "நிறுத்திட்டா. நான்தான் கெடுத்தேன். அவ அஞ்சு புள்ளி நாலு போட்டா, உங்க கண்ணுக்குப் பயந்து ஏழுன்னு சொன்னேன். ஆமா, உங்க கண்ணுக்குத்தான். கேப்டன் அதை நம்பிப் பிள்ளையைப் பிழிஞ்செடுத்துட்டார்."

சுற்றி இருந்தவர்கள் கோப்பையைக் கீழே வைத்தார்கள். இப்போது அடி விழும் என்று இன்ஷிராஹ் நினைத்தாள். ஷாஹிந்தாவோ புருவத்தைச் சுருக்கிக்கொண்டு அவளையே பார்த்தாள்.

"அது எனக்குத் தெரியும் டீச்சர்."

"என்ன தெரியும்?"

"அஞ்சு புள்ளி நாலு. பிப்ரவரி. நான் லுஜைனுக்கு மட்டுமா எடுக்கிறேன்? இந்த விரல்ல லுஜைன், அந்த விரல்ல ஜுமானா. இங்கே யாரு அடுத்தவ பிள்ளைக்கு எடுக்காம இருக்கா, சொல்லு பாப்போம்?" மற்றவர்கள் தேநீரைப் பார்த்தார்கள். "நீ ஏழுன்னு கத்தினதும் சிரிச்சுக்கிட்டேன். நானும்தான் கத்தறேன். லுஜைன் எப்பவும் எட்டு, எட்டரை. கண்ணுக்குப் பயம் எனக்கில்லையா? என் தலைக்கு மேலேயும் எத்தனை கண்ணு இருக்கு!"

"அப்போ கேப்டன் அட்டையில..."

"அட்டையில அது இருக்கட்டும். வீட்டுக்குப் போனதும் கேப்டனுக்கு நிஜத்தைப் போன்ல தனியா அனுப்பிடுவேன். எல்லாரும் அப்படித்தான். பிள்ளை கார்ல ஏறிக் கதவைச் சாத்தினதும் முதல்ல அவ காதுல சொல்லிடுவேன்." ஷாஹிந்தா நிறுத்தினாள். குரல் இறங்கியது. "நீ சொல்லலையா டீச்சர்? பிள்ளைகிட்டகூடவா?"

கார் வைத்திருந்தவர்கள் பயிற்சி முடிந்து வாசலில் நின்று பேசும் அரைமணி நேரத்தில் இந்த வழக்கமெல்லாம் கைமாறியிருக்கிறது. அந்த அரைமணி நேரம் இன்ஷிராஹ் பள்ளிக்கூட மணிக்கு முன்னால் டிராமைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தாள். ஊர் முழுக்கத் தெரிந்த பொய்யை அவள் ஒருத்தி மட்டும் கேப்டனிடமும் மகளிடமும்கூட உண்மையாகச் சொல்லியிருக்கிறாள். வாய்விட்டு அழுதாள். ஷாஹிந்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்து முதுகைத் தடவினாள். வெள்ளிக்கு வெள்ளி ஆறு ஏழு குத்து வாங்கிய கை அது.

கேப்டன் வகீஹ் கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். "எட்டு மாசம்! நல்லா இருந்த பிள்ளையை எட்டு மாசம் அடிமாடு மாதிரி வேலை வாங்கியிருக்கேன் மேடம்! ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை தனியா வந்து சொல்லக்கூடாதா?" பிறகு அவரே தணிந்து நாற்காலியில் சாய்ந்தார். "மத்தவங்க எல்லாரும் அனுப்புறாங்க, நீங்க அனுப்பலை. நீங்க படிச்சவங்க, உள்ளதைத்தான் கத்துறீங்கன்னு நெனச்சேன். நானும் கேட்டிருக்கணும். மூணு வாரம் அவ தண்ணில கால் வைக்கக்கூடாது. தூங்கட்டும். மக்ரோனா சாப்பிடட்டும். அப்புறம் பாக்கலாம். வருவாளான்னு எனக்குத் தெரியாது."

அன்று சாயங்காலம் ஷாஹிந்தாவே காரை எடுத்துக்கொண்டு பாக்கோஸுக்கு வந்தாள். ஜுமானா போர்வைக்குள் இருந்தாள். ஷாஹிந்தா முன்னுரை ஒன்றும் பேசாமல் போனை நீட்டினாள். தேதி தேதியாக இரண்டு வரிசை, லுஜைனுக்கு ஒன்று, ஜுமானாவுக்கு ஒன்று. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஷாஹிந்தா தன் மனதில் பட்டதைத் தட்டி வைத்திருந்தாள். நவம்பர், ஆறு எட்டு: 'இவளுக்கு என்ன போட்டு வளர்க்கிறாள்?' ஜனவரி, ஐந்து ஒன்பது: 'போச்சு.' பிப்ரவரி, ஐந்து நாலு: 'நாசமாய்ப் போக. டீச்சர் ஏழு என்கிறாள், திருடி.'

ஜுமானா அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள். அம்மா ஆயிரம் சத்தியம் செய்தும் நம்பாதவள் அந்த 'நாசமாய்ப் போக'வை உடனே நம்பினாள். தன்னை ஆறுதல் படுத்துவதற்காக யாரும் அப்படி எழுதமாட்டார்கள்.

"அப்போ எனக்கு வந்துச்சு," என்றாள் மெதுவாக. பிறகு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். "எனக்கு வந்துச்சும்மா. அன்னிக்கு சுவத்தைத் தொட்டப்பவே எனக்குத் தெரிஞ்சுது. கை பறந்த மாதிரி இருந்துச்சு. மேலே வந்து உன்னைப் பாத்தேன். நீ ஏழுன்னு சொன்ன. என் உடம்பு பொய் சொல்லுதுன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் நான் என் உடம்பை நம்பவே இல்லைம்மா."

இன்ஷிராஹ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மன்னிச்சுக்கோ என்று சொல்ல வாயெடுத்தாள். மகள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

மூன்று வாரமும் பிள்ளை தூங்கினாள். அப்படி ஒரு தூக்கத்தை இன்ஷிராஹ் கண்டதில்லை. சாப்பிட எழுவாள், மறுபடி தூங்குவாள். அம்மாவோடு தேவைக்குத்தான் பேச்சு. உப்பு வேணும், துவாலை எங்கே, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைகளில் இன்ஷிராஹ் பொம்மை வெட்டவில்லை. யார் பெயரைச் சொல்லிக் குத்துவது என்று தெரியவில்லை.

நாலாவது வாரம் ஒரு காலை, நாலு மணிக்கு இன்ஷிராஹ் எழுந்து வந்தபோது ஜுமானா ஏற்கெனவே பையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"வரேன். ஆனா நீ இனிமே எனக்கு டைம் எடுக்கக்கூடாது."

"சரிடி."

"லுஜைன் அம்மா எடுப்பாங்க. நான் பேசிட்டேன். அவங்க எனக்கு உள்ளதைச் சொல்வாங்க."

"சரிடி," என்றாள் இன்ஷிராஹ். "நான் வரலாமா, வேண்டாமா?"

ஜுமானா பையைத் தோளில் மாட்டினாள். "வா. ரொட்டி யாரு கட்டுவா?"

வியாழக்கிழமை முதல் படியில் இன்ஷிராஹ் வெறுங்கையோடு உட்கார்ந்தாள். ஒன்பது வருடத்தில் முதல் முறையாகக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், மடியில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக்கொண்டாள். தூக்கம் வரவில்லை. ஜுமானா குதித்தாள். முதல் ஐம்பது நன்றாகப் போனது. திரும்பி வரும்போது தோள் கனத்து, கடைசிப் பத்து மீட்டரில் கை தண்ணீரை விட்டு எழவே மறுத்தது. சுவரைத் தொட்டாள்.

"எவ்வளவு?" என்று கத்தினார் கேப்டன்.

"எட்டு புள்ளி ரெண்டு!" என்று படி முழுக்கக் கேட்கக் கத்தினாள் ஷாஹிந்தா, ஒரு துளி கூட்டாமல், குறைக்காமல்.

ஏழு புள்ளி ஒன்பது என்றாவது சொல்லியிருக்கலாமே, மூன்று வாரம் கழித்து வந்த பிள்ளையாயிற்றே என்று இன்ஷிராஹுக்கு நாக்கு துறுதுறுத்தது. தண்ணீருக்குள்ளிருந்து ஜுமானா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள், மூச்சு வாங்கியது. படியைப் பார்த்தாள். அம்மாவைத் தாண்டி, ஷாஹிந்தாவை. "எட்டு ரெண்டா?" என்று கேட்டாள். ஷாஹிந்தா தலையாட்டினாள். ஜுமானாவும் சரி என்று தலையாட்டிவிட்டு, அடுத்த முறைக்காக மெதுவாகக் கரையேறிப் போய் வரிசையில் நின்றுகொண்டாள்.